மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவிலை

கொழும்புத்துறை
14.12.2025, ஞாயிறு

சம்மந்தி அம்மாவுக்கு,

முதலிலை ஒண்டை ஒத்துக்கொண்டுபோட்டு மற்றக் கதைக்கு வாறன். நான் மீன் திண்டுபோட்டன்.

இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம் துவங்கின நாளிலையிருந்து எங்கடை வீட்டுச் சட்டியிலை மச்சம் ஏறாது, மருமோள் ஆரபி விரதம், அவளுக்காக முழு வீடும் மரக்கறி எண்டு உங்களுக்குப் போனிலை அளந்தது நான்தான். ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சதும் நான்தான். நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு றஜனி சூடை மீன் பொரிச்சவள். மணம் மதிலாலை ஏறி வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போச்சுது. அவளின்ரை குசினிக் கதவுக்குப் பின்னாலை நிண்டபடி ஆறு சூடை. தண்ணி கூடக் குடிக்கேல்லை. சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நல்லபிள்ளை மாதிரி வீட்டை வந்தால், என்ரை மனிசன் கையைப் பிடிச்சு மூக்கடியிலை வைச்சு மணந்து பாத்தார். விடியவெள்ளாப்பிலை கடலுக்குப் போய், பிடிச்ச மீனெல்லாத்தையும் வித்துப்போட்டு, வீட்டை வந்து பூசணிக்காய் தின்னிற மனிசன் அவர். கையை விட்டிட்டு, "எனக்கும் ஒண்டு மடிக்கை கொண்டந்திருக்கலாம்" எண்டார். அவ்வளவுதான்.

இதை ஏன் கடிதத்திலை எழுதிறன் எண்டால், நீங்கள் போனை எடுக்கிறியளில்லை. எடுத்தாலும் சரிவராது. எனக்குப் போனைக் காதிலை வைச்ச உடனை சிரிப்பு வந்திடும். சாவீட்டுக்கு எடுத்தாலும் வரும். எழுதேக்கை அந்த வருத்தம் இல்லை. நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள், நீங்கள் ஏ.எல் பாஸ் பண்ணின ஆள். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கோ. கொடிகாமத்திலையிருந்து மரக்கறி லொறி கொண்டாற கனகலிங்கம் அண்ணையிட்டைக் குடுத்து விடுறன். அவர் வாசிக்க மாட்டார் எண்டு சொன்னவர். சொல்லேக்கை என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

ஆரபி வெள்ளிக்கிழமை காலமை உங்கடை வீட்டை வந்தவள். ஒரு பையோடை. இவன் ஜெரோசன் பஸ் ஏத்திப்போட்டு வந்து என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறானில்லை. பெத்த தாய் நான். சோத்தைப் போட்டால் சோத்தைத்தான் பாக்கிறான்.

என்ன நடந்ததெண்டால், வியாழக்கிழமை பின்னேரம் எங்கடை வீட்டுக்குக் கரோல்காரர் வந்தவை. நல்ல மழை. பிள்ளையளின்ரை அறைக்குள்ளை ஓடு ஒழுகிச்சுது. ஆரபி சுவர்த்தட்டிலை வைச்சிருந்த பித்தளைப் பிள்ளையாரிலை தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. நனையக்கூடாதெண்டு தூக்கி, ஒழுக்கில்லாத இடமாப் பாத்து, முன்னறையிலை நத்தாருக்கெண்டு மாட்டுத்தொழுவம் மாதிரி நாங்கள் கட்டியிருந்த பாலன்குடிலுக்கை வைச்சன். வைக்கேக்கை ஒரு சின்னப் பகிடி விட்டனான். எல்லாரும் சிரிச்சவை. ஆரபியும் சிரிச்சவள், சம்மந்தி. என்ரை கண்ணாலை கண்டனான்.

அவளின்ரை முதல் நத்தார், முதல் கிறிஸ்மஸ் எண்டு நான் எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமே? வெளிநாட்டிலை வீட்டை எப்பிடிக் கதகதப்பா வைச்சிருக்கினமெண்டு போனிலை பாத்துப் பாத்துச் செய்தனான். அங்கை வெளியிலை பனி, இஞ்சை முழங்கால் அளவு சேறு. எண்டாலும் விட்டனானே? என்ரை கலியாணச் சீலையைக் கிழிச்சு கதிரைக்கெல்லாம் மெத்தை உறை தைச்சன். சிவப்புத் திரைச்சீலை. சுவருக்குச் சுவர் மின்மினி பல்ப். நிலத்துக்குச் சிவப்புப் பொலிஷ். பஞ்சாலை பனி செய்து யன்னலிலை ஒட்டினன், வாடைக்காத்துக்கு அது கழண்டு மனிசன்ரை சோத்துக் கோப்பைக்கை விழுந்துது. விழட்டுமெண்டு விட்டன்.

பிள்ளையை அனுப்பி விடுங்கோ. நத்தாருக்கு அவள் இல்லாட்டி இந்தச் சோடினை எல்லாம் ஆருக்கு?

இப்படிக்கு
மார்கிரட்


கொடிகாமம்
16.12.2025

திருமதி மார்கிரட் அடைக்கலநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சூடை மீன் சாப்பிட்டதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையாரை நாலு வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்தச் "சின்னப் பகிடி" என்னவென்று எழுதவே இல்லை. மறந்திருப்பீர்கள். நான் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளையாரைக் குடிலுக்குள் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் வைத்துவிட்டு, வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நீங்கள் சொன்னது: "எங்கடை தொழுவத்திலை ஒரு ஆனைதான் குறைஞ்சு கிடந்தது. மருமோள் சீதனமாக் கொண்டுவந்து குறையைத் தீத்திட்டாள்."

அப்போது என் மகள் தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலில் நின்றாள். அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்ததாகத்தான் அவளும் சொன்னாள். வாழப்போன வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது மருமகள் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்க முடியுமா? எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆட்கள் போன பிறகுதான் பிள்ளையாரை எடுத்துத் துடைத்தாளாம். உங்கள் பஞ்சுப் பனி தும்பிக்கையில் ஒட்டியிருந்ததாம். இங்கு வந்து பையைத் திறந்தபோதும் ஒரு நூல் பஞ்சு இருந்தது.

நாங்கள் சீதனம் தரவில்லை. உங்கள் மகன் வேண்டாம் என்றார். எங்களுக்கும் அது மனம் ஒத்துச் செய்த கலியாணம் இல்லை. அது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம். உங்கள் கரோல்காரருக்கும் தெரிய வேண்டியிருந்ததா?

அந்தப் பிள்ளையார், அவள் பிறந்த வருடம் என் கணவர் வாங்கி வந்தது. இடம்பெயர்ந்து போன நேரம் சட்டி பானையை விட்டுவிட்டு அதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். அதை நான் உங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது ஆனையாக நிற்க அல்ல.

ஆரபியை நான் அனுப்பவும் மாட்டேன், மறிக்கவும் மாட்டேன். விரதம் முடியும் வரை இங்குதான் இருப்பேன் என்கிறாள். அதற்குப் பிறகு அவள் முடிவு.

உதயகலா நமசிவாயம்


கொழும்புத்துறை
17.12.2025

சம்மந்தி அம்மாவுக்கு,

உங்கடை கடிதத்தைக் கிணத்தடியிலை குந்தியிருந்து வாசிச்சன். பிறகு வீட்டுக்குள்ளை போகப் பிடிக்கேல்லை. வாளிக்கு மேலையே கனநேரம் இருந்தன். றஜனி மதிலாலை எட்டிப்பாத்து, "என்னக்கா, வாளி உடையப்போகுது" எண்டாள். மற்ற நாளெண்டால் அதுக்கு நான் ஒண்டு சொல்லியிருப்பன்.

நீங்கள் எழுதினது சரி. ஒரு சொல்லும் கூட்டிக் குறைச்சு எழுதேல்லை. நான் சொன்னதை இன்னொரு ஆளின்ரை கையெழுத்திலை வாசிக்கேக்கைதான் அது எப்பிடிக் கிடக்கெண்டு தெரிஞ்சுது. வாயாலை விடேக்கை காத்து மாதிரிப் போச்சுது.

ஒழுக்கு உண்மை. அது பொய்யில்லை. ஆனா அதே அறையிலை அலுமாரி கிடக்கு. அலுமாரிக்கு மேலை ஒரு சொட்டும் விழுகிறதில்லை. அங்கை வைச்சிருக்கலாம். கையிலை எடுத்த உடனை அலுமாரியைத்தான் பாத்தனான். பிறகு முன்னறையிலை கரோல்காரரின்ரை மேளம் கேட்டுது. கையும் வாயும் என்னைக் கேக்காமலே அங்கை போட்டுதுகள். இதை உங்களுக்கு எழுத வெக்கமாக் கிடக்கு. பிழையா வைச்சுப்போட்டன், தெரியாமல் செய்துபோட்டன் எண்டு எழுதினால் சுகமாயிருக்கும். தெரிஞ்சுதான் வைச்சனான்.

ஏன் எண்டு ராமுழுக்க யோசிச்சன். இன்னொண்டும் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. ஆரபி பின்னேரத்திலை விளக்குக் கொளுத்தி, அறைக் கதவைச் சாத்திப்போட்டு, பிள்ளையார் பெருங்கதை படிக்கிறவள். மெல்லிய குரல். சொல்லு விளங்காது, ராகம் மட்டும் கேக்கும். நான் குசினியிலை வெங்காயம் உரிச்சபடி கேட்டுக்கொண்டிருப்பன். நல்லாயிருக்கும். கூப்பிட்டால் போய் ஓரமா இருந்து கேட்டிருப்பன். அவள் கூப்பிடேல்லை. வரட்டோ எண்டு நானும் கேக்கேல்லை. கதை முடிஞ்சு கதவைத் திறந்துகொண்டு வரேக்கை அவளின்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் இருக்கும். என்ரை சிவப்புத் திரைச்சீலையைப் பாக்கேக்கையோ, மெத்தை உறையைப் பாக்கேக்கையோ அந்த வெளிச்சம் வந்ததில்லை. "நல்லாயிருக்கு மாமி" எண்டுவாள். அவ்வளவுதான்.

சம்மந்தி, முழு வீட்டையும் அவளுக்கெண்டுதான் சோடிச்சன். ஆனா ஒரு ஆணி அடிக்கேக்கையும், பிள்ளை இது இஞ்சை இருக்கட்டோ எண்டு கேட்டதில்லை. அந்த வீட்டிலை அவள் தன்ரை கையாலை வைச்சது அந்த ஒரு தட்டுத்தான். அந்தத் தட்டைத்தான் நான் போய் எடுத்தனான்.

இதுக்கு மேலை எழுதத் தெரியேல்லை. ஆரபியிட்டை இதைக் காட்டிறதெண்டால் காட்டுங்கோ. காட்டாட்டியும் சரி.

மார்கிரட்

சூடைக் கதையை அவ்வளவு நீட்டினதுக்கும் சேத்து மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மற்றதுக்கு வரப் பயந்துதான் நீட்டினனான்.


கொடிகாமம்
19.12.2025

மார்கிரட் அம்மாவுக்கு,

கடிதத்தை ஆரபியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். அழவில்லை. மடித்து, தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு தேங்காய் துருவப் போனாள். நான் கேட்காமலே, "மாமி பொய் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பகிடியை ஒழுங்கை முழுவதும் கேட்டது. மன்னிப்பு மட்டும் லொறியில் கொடிகாமத்துக்கு வருகிறது. அந்தப் பதினைந்து இருபது பேரும் இன்றைக்கும் என் மகளை ஆனை கொண்டுவந்த மருமகளாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் திரும்பி வந்தால் அந்த ஒழுங்கையால்தானே நடக்க வேண்டும்?

கனகலிங்கம் உங்கள் கடிதங்களை வாசிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நேற்று எனக்கு நல்ல பூசணிக்காய் ஒன்று தந்துவிட்டு, "சும்மா வைச்சுக்கொள்ளுங்கோ, அங்கை ஒருத்தருக்குப் பூசணிக்காய் அலுத்துப்போச்சு, பாவம்" என்றார்.

உதயகலா


கொழும்புத்துறை
21.12.2025, ஞாயிறு

சம்மந்தி அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதுக்கு மறுமொழி எழுத முந்தி செய்துபோட்டு எழுதுவமெண்டு இருந்தன். இண்டைக்குச் செய்தன். நல்லா வரேல்லை. எப்பிடி வந்ததோ அப்பிடியே சொல்லுறன்.

ஞாயிறுப் பூசை முடிஞ்சு கரோல்காரர் எங்கடை கோயில் மண்டபத்திலை பாட்டுப் பழகிறவை. அண்டைக்கு வந்த அத்தனை பேரும் நிண்டவை. நான் போய் மேளக்காரப் பொடியனை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, நடுவிலை நிண்டு, "ஒரு விசயம் சொல்ல வேணும்" எண்டன்.

உடனை சிரிப்பு.

நான் ஒண்டும் சொல்லேல்லை, சம்மந்தி. வாயைத் திறந்ததுதான். இந்த முப்பது வருசமா நான் எழும்பி நிண்டால் இந்த ஊரிலை சிரிப்பினம். அவைக்கு அது பழக்கம். நானே பழக்கினது. கனிசியஸ் அண்ணை, கரோலுக்குத் தலைவர், "மார்கிரட் துவங்கிட்டா, கதிரையைப் போடுங்கோ" எண்டார். ரெண்டு பேர் உண்மையாவே கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தவை.

"அண்டைக்கு நான் பிள்ளையாரைக் குடிலுக்கை வைச்சுச் சொன்னது பிழை. அது என்ரை மருமோளின்ரை சாமி. என்ரை மருமோளைத்தான் நான் கேவலப்படுத்தினனான். நீங்கள் சிரிச்சதுக்கும் நான்தான் காரணம்" எண்டன். வீட்டிலை சொல்லிப் பழகிப்போட்டுத்தான் போனனான்.

அதுக்கும் சிரிப்பு. சிலபேர் கை தட்டினவை. முகத்தை இப்பிடி வைச்சுக்கொண்டு சொல்லுறாள் பார் எண்டு ஆரோ சொன்னது கேட்டுது. பகிடியின்ரை முடிவு இனித்தான் வரப்போகுதெண்டு பாத்துக்கொண்டிருந்தவை. முடிவு வரேல்லை. நான் திருப்பியும் சொன்னன். ஒரு பெட்டை, "மாமி, ஆனைக்கு இப்ப என்ன சாப்பாடு?" எண்டு கேட்டாள். அவளிலை பிழையில்லை. எனக்கு வாயிலை மறுமொழி வந்திட்டுது, சம்மந்தி. நல்ல மறுமொழி. நாக்கு நுனியிலை நிண்டது. விழுங்கினன். பொரிச்ச மீன் முள்ளு விழுங்கின மாதிரி இருந்தது.

அவை சிரிச்சு முடியும் வரைக்கும் நிண்டன். கனக்க நேரம் எடுத்தது. கடைசியிலை, ஒவ்வொருத்தரா, சிரிப்பு நிண்டுது. கதிரையிலை இருந்த ரெண்டுபேரும் எழும்பீட்டினம். கனிசியஸ் அண்ணை நிலத்தைப் பாத்துக்கொண்டு, "நாங்களும் சிரிச்சனாங்கள்தானே" எண்டார். மேளக்காரப் பொடியன் தெரியாமல் ஒருக்கால் தட்டிப்போட்டு, கையை எடுத்திட்டான்.

எப்பிடி வெளியிலை வந்தனெண்டு தெரியேல்லை. படியடியிலை ஜெரோசன் மோட்டச் சைக்கிளோடை நிண்டான். எவ்வளவு நேரமா நிண்டானோ தெரியாது. "ஏறுங்கோம்மா, மழை வரப்போகுது" எண்டான். ஆரபி போன நாளுக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய் திறந்தவன். வீடு வரைக்கும் அதுக்கு மேலை ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் அது காணும்.

வந்த உடனை நான் என்ன செய்தனெண்டால், பிள்ளையளின்ரை அறையிலை நான் மாட்டின சோடினை எல்லாத்தையும் கழட்டினன். பல்ப், திரைச்சீலை, பஞ்சு, எல்லாம். தகரப்பெட்டியிலை போட்டு மூடினன். மனிசன் ஏறி ஓடு மாத்தினார். இப்ப அறை வெறுஞ்சுவரா, குளிரா, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. பாக்க ஒரு மாதிரித்தான். நான் இனி ஒண்டும் தொடமாட்டன். அவள் வந்து எது எங்கை எண்டு சொல்லட்டும். சொல்லாட்டி அப்பிடியே கிடக்கட்டும்.

இந்த வருசம் பெருங்கதை முடியிற நாளும் நத்தாரும் ஒரே நாளாமே. றஜனி கலண்டரிலை காட்டினவள். கடைசி நாள் கதை உங்கடை கோயிலிலை பெரிசாப் படிப்பினமெண்டு தெரியும். அதை விட்டிட்டு வாங்கோ எண்டு கேக்க எனக்கு வாயில்லை. ஆனா எப்பவாவது, அவளுக்கு மனம் வந்தால், ஒருநாள் கதவைச் சாத்தாமல் படிக்கச் சொல்லுங்கோ. நான் வெங்காயத்தோடை குசினியிலைதான் இருப்பன்.

மார்கிரட்


கொடிகாமம்
23.12.2025

சம்மந்தி,

இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய பிறகு நான் எழுதாமல் இருப்பது சரியில்லை.

ஆரபி அந்த வெள்ளிக்கிழமை பையோடு கேற்றடியில் வந்து நின்றபோது, என் மனதில் முதல் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பிள்ளை முகம் வாடி நிற்கிறாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நான் சொன்னேன்தானே, இது சரிவராது என்று. கலியாணம் நடந்த நாளிலிருந்து நான் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அன்று பின்னேரமே இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஆனைக் கதையைச் சொல்லும்போது எனக்கு நாக்கு இனித்தது. நீங்கள் ஒருமுறை சொன்னதை நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அதையெல்லாம் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஆரபிக்குத் தெரியும். நேற்று உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கேட்டாள்: "அம்மா, மாமி பகிடி விட்டா. நீங்கள் என்ன செய்தனீங்கள்? நான் அந்த வீட்டுக்குப் போய் ஏழு மாசம். வாசல்படி மிதிச்சனீங்களே?"

மிதிக்கவில்லை. கலியாணத்தன்று உங்கள் முற்றத்துக் கதிரையில் இருந்துவிட்டு வந்தேன். நீங்கள் சோடா உடைத்துக்கொண்டு வந்தீர்கள். விரதம் என்றேன். அன்று எனக்கு ஒரு விரதமும் இல்லை. நீங்கள் நம்பியது போல, "ஐயோ, வெயிலிலை விரதமோ" என்று விசிறி கொண்டுவந்து எனக்கு விசிறினீர்கள். என்ன காரணத்துக்காக நான் குடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் விசிறினீர்களா என்று இப்போது யோசிக்கிறேன். அதைக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. இங்கு என்னிடம் மகள் எங்கே என்று கேட்பவர்களுக்கு, ரவுணில் இருக்கிறாள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கொழும்புத்துறைக் கடற்கரை என்று என் வாயில் வந்ததில்லை. ஆனைக் கதை சொன்ன அன்றைக்குத்தான் முதன்முதல் வந்தது.

நீங்கள் ஒரு மண்டபத்தில் நின்று சொன்னீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நான் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆரபி பக்கத்தில் இருக்கிறாள், இதை வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவாளாம்.

வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். கடைசி நாள் கதையை அங்கே படிப்போம் என்று ஆரபி சொல்கிறாள். கோயிலில் படிக்க ஆள் இருக்கிறது, அங்கே இல்லை என்கிறாள். மோதகத்துக்கு மாவும் பயறும் நான் கொண்டு வருவேன். அறுகம்புல் உங்கள் பக்கத்தில் கிடைக்குமா தெரியாது, அதையும் கொண்டு வருவேன். விரதம் முடிக்கும் பாறணை மறுநாள் காலையில். அதனால் ஒரு இரவு தங்க வேண்டிவரும்.

எங்களுக்காகச் சமையலை மாற்ற வேண்டாம். உங்களுக்கு நத்தார். மீன் சமையுங்கள். உங்கள் மனிசன் பாவம்.

உதயகலா

ஆரபி சேர்க்கச் சொன்னது: ஆணி ஒன்றும் அடிக்க வேண்டாம். மட்டப்பலகையும் துளை மெசினும் ஜெரோசனை எடுத்து வைக்கச் சொல்லட்டாம். பிள்ளையார் தட்டுக்கு இடத்தை வந்து காட்டுவாளாம்.


கொழும்புத்துறை
28.12.2025, ஞாயிறு

அன்புள்ள சம்மந்தி,

நீங்கள் சுகமாப் போய்ச் சேந்ததை ஆரபி சொன்னவள். போனிலை கதைச்சிருக்கலாம். ஆனா எனக்கு இப்ப எழுதிப் பழகீட்டுது. கனகலிங்கம் அண்ணையும் இண்டைக்கு, "கடிதம் இல்லையோ" எண்டு கேட்டவர். அவருக்கும் பாவம், வாசிக்க ஒண்டு வேணும்தானே.

நீங்கள் போன பிறகு நடந்ததுகளைச் சொல்லுறன்.

ஆரபி காட்டின இடத்திலை, முன்னறைக் கிழக்குச் சுவரிலை, பிள்ளையார் தட்டு உறுதியா நிக்குது. அறைக்குள்ளைதான் வைப்பாளெண்டு நினைச்சிருந்தன். நடு வீட்டிலை வைப்பாளெண்டு நான் எதிர்பாக்கேல்லை. நேற்று அவள் பாலன்குடிலையும் தூக்கி மற்றப் பக்கம் வைச்சாள். வெளிச்சம் அங்கைதான் சரியாம். என்ரை சிவப்புத் திரைச்சீலையை எடுத்து மேசைக்கு விரிச்சாள். மெத்தை உறையிலை நாலை எடுத்திட்டாள், ரெண்டை விட்டாள். என்னைக் கேட்டுத்தான் செய்தவள். ஒவ்வொண்டுக்கும், "மாமி, இது இஞ்சை இருக்கட்டோ?" எண்டு கேட்டாள். அந்தக் கேள்வியை அவளின்ரை வாயாலை கேக்கேக்கை எனக்கு எங்கை பாக்கிறதெண்டு தெரியேல்லை. ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன். இப்ப வீட்டுக்குள்ளை வந்தால் என்ரை கதிரையைத் தேடவேண்டிக் கிடக்கு. ஆனா பின்னேரத்திலை விளக்கு வைச்ச பிறகு, மழை ஓட்டிலை விழேக்கை, அந்த முன்னறையிலை இருக்க நல்லாத்தான் இருக்கு. மனிசனும் வலையைத் தூக்கிக்கொண்டு அங்கை வந்து குந்தியிட்டார்.

நீங்கள் கதை படிக்கேக்கை வெளியிலை மதிலடியிலை ஆக்கள் நிண்டதைக் காணேல்லை எண்டு நினைக்கிறன். றஜனி நிண்டவள். கனிசியஸ் அண்ணையும் மனுசியும் குடையோடை நிண்டவை. உள்ளுக்கை வாங்கோ எண்டு நான் கையைக் காட்டினன், வரேல்லை. ஆனா முடியும் மட்டும் போகேல்லை. அடுத்தநாள் அந்த மனுசி ஆரபியைக் கண்டு, அந்தக் கதையிலை பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டிருக்கிறா.

ஒரு விசயம் உங்களுக்குச் சொல்லத்தான் வேணும். எல்லாம் சரியாப் போச்சுதெண்டு எழுதினால் அது பொய். நான் வாயைத் திறக்கிற நேரமெல்லாம் ஆரபி நிமிந்து பாக்கிறாள். ஒரு சின்னப் பார்வை. என்ன வரப்போகுதெண்டு பாக்கிற பார்வை. கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேக்கத்தான் திறக்கிறன், அதுக்கும் பாக்கிறாள். பாக்கிறாளெண்டு அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியுது. அந்தப் பார்வையை அவளுக்குக் குடுத்தது நான். அது போக நாள் செல்லும். வருசமும் செல்லலாம். நேற்று ஜெரோசன் சட்டையை முன்பின் மாத்திப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டான். எனக்குப் பகிடி வந்தது, அடக்கினன். ஆரபிதான் சொன்னாள், "போங்கோ, ஆக்கள் நீங்கள் வாறியளோ போறியளோ எண்டு குழம்பட்டும்" எண்டு. சொல்லிப்போட்டு என்னைப் பாத்தாள். நான் குசினிக்கை போய்த்தான் சிரிச்சன்.

நீங்கள் கடிதத்திலை கேக்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு மறுமொழி: ஓம், சம்மந்தி. தெரிஞ்சுதான் விசிறினனான். அதை இனி விடுவம்.

தைப்பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் வாறமெண்டு ஆரபி சொல்லியிருப்பாள். மனிசனுக்குப் புதுச் சேட்டு எடுத்தாச்சு. என்ன கொண்டு வரலாம், என்ன கொண்டு வரக்கூடாதெண்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கோ.

கடைசியா ஒண்டு. வெள்ளிக்கிழமை நீங்கள் வெளிக்கிடேக்கை வாசலிலை உங்கடை செருப்பு இருக்கேல்லை. நீங்களும் ஒண்டும் கேக்கேல்லை, கிணத்தடியிலை கிடந்த என்ரை நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினியள். நாங்களும் ஒண்டும் சொல்லேல்லை. விடிய முந்தி என்ரை மனிசன் இருட்டிலை உங்கடையதை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனவர். அளவாத்தான் இருந்ததாம். வள்ளத்திலை ஏறேக்கை ஒண்டு தண்ணிக்கை விழுந்திட்டுது. வலை போட்டுப் பாத்தவர். நண்டு வந்தது. மற்றதைக் கழுவிக் காயவைச்சு இந்தக் கடிதத்தோடை அனுப்பியிருக்கிறன். இடது கால்.

மார்கிரட்